தலையணைக்கு ஒரு துண்டு

மனநல இல்ல வேலைக்கு வரும் பிள்ளைகள் பெரும்பாலும் பேசத்தான் வருகிறார்கள். ஆறுதல் சொல்லலாம், மனம் விட்டுப் பேச வைக்கலாம் என்ற ஆசை. நல்ல ஆசைதான். ஆனால் முதல் நாள் நான் அவர்கள் கையில் கொடுப்பது ஒரு நோட்டு. யார் எத்தனை மணிக்குப் படுத்தார், எப்போது எழுந்தார், நடுவில் எத்தனை முறை அறை விளக்கு எரிந்தது: ஒரு மாதத்துக்கு இதை மட்டும் எழுதச் சொல்வேன். ஸ்கிசோப்ரினியா, பைபோலர் போன்ற கடும் மனநோய் திரும்பும்போது பலருக்கு முதலில் கெடுவது தூக்கம். குரல் கேட்கிறது என்று அவர் வாய்விட்டுச் சொல்வதற்குப் பல நாள் முன்பே நோட்டில் அது தெரிந்துவிடும்.

எங்கள் இல்லம் ஜோகூரின் உலு திராமில், கோத்தா திங்கி சாலையிலிருந்து உள்ளே தள்ளிய ஒரு தாமானில் இருக்கிறது. சாதாரண வரிசை வீடு. நன்கொடையில் ஓடும் சின்ன அறநிறுவனம்தான் வாடகை கட்டுகிறது. பெயர்ப்பலகை வைக்கவில்லை. குடியிருக்கும் ஐந்து பேரும் அக்கம்பக்கத்துக்கு அண்ணன், மாமா, அவ்வளவே. எல்லாரும் தோட்டத்துப் பிள்ளைகள். கித்தா போய்ச் செம்பனை வந்து, லயங்கள் காலியாகி, உறவுகள் ஆளுக்கொரு பக்கம் பிரிந்தபோது கவனிப்பாரில்லாமல் நின்றவர்கள்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் மனநல வார்டுகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு டிரெசர். அவர் மாத்திரை கொடுப்பதைப் பார்க்க வேண்டும். முதலில் தண்ணீரை ஊற்றி வைப்பார். மாத்திரையை வாயில் போடமாட்டார், உள்ளங்கையில் வைப்பார். “அண்ணே, ராத்திரி மருந்து” என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து தேநீர் குடிப்பார். வாயைத் திற, நாக்கைத் தூக்கு என்ற அதட்டல் அவரிடம் கிடையாது. பந்து விளையாட்டில் ஜோகூர் ஜெயித்ததா, சந்தையில் மீன் என்ன விலை என்று பேச்சு போகும். நாக்கடியில் மாத்திரை ஒதுக்கியவரால் அவ்வளவு நேரம் தேநீரும் குடித்துப் பேச்சும் கொடுக்க முடியாது. துப்பிவிட்டால் கோபப்படமாட்டார். “இது உங்களை என்ன பண்ணுது?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்தான் மறுவாரம் டாக்டரிடம் போகும்.

ஒருமுறை புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன், குடியிருப்பவர் ஒருவரைப் பற்றி நோட்டில், ‘நிலைகொள்ளவில்லை, நோய் கூடுகிறது’ என்று எழுதினான். அந்த மனிதர் கேட்டிலிருந்து அடுப்படிவரை ஓயாமல் நடந்துகொண்டிருந்தார். டிரெசர் ஐயா அவரை உட்கார வைத்து முழங்காலைக் கவனித்தார். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. “ஓடுறது தலையிலயா, கால்லயா?” என்று கேட்டார். “கால்ல.” அக்கத்திசியா என்பார்கள், மருந்தே தரும் தவிப்பு. நோய் என்று நினைத்து மருந்தைக் கூட்டியிருந்தால் நடை இன்னும் கூடியிருக்கும். டாக்டர் அளவைக் குறைத்தார். அடுத்த சில நாட்களில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். பையனை யாரும் திட்டவில்லை. அவன் எழுதி வைத்ததால்தானே தெரிந்தது.

குளோசபின் எடுப்பவர் வீட்டில் இருந்தால் அதற்கென்று தனிப் பக்குவம் வேண்டும். மற்ற மருந்து கேட்காதவர்களுக்கும் கேட்கும் அருமையான மருந்து அது. முதல் 18 வாரம் வாரா வாரம் ரத்தம் எடுத்து வெள்ளணுவைப் பார்க்க வேண்டும். ராத்திரி வாயில் எச்சில் ஊறி வழியும். தலையணைமேல் ஒரு துண்டை விரித்து, காலையில் சத்தமில்லாமல் எடுத்து அலசிவிடுங்கள். அவர் வெட்கப்படும்படி ஒரு வார்த்தை வரக்கூடாது. மலச்சிக்கலைச் சின்ன விஷயம் என்று விடாதீர்கள், இந்த மருந்தில் அது உயிர்வரைக்கும் போகும். வெளிக்குப் போனீர்களா என்று தினமும் கேளுங்கள்.

தைப்பூச விரதத்துக்காக, குளோசபின் எடுத்துவந்த ஒருவர் சிகரெட்டை ஒரேயடியாக விட்டார். நாங்கள் எல்லாரும் மெச்சினோம். நாலைந்து நாளில் தள்ளாடினார், பகலெல்லாம் தூங்கினார். விரதக் களைப்பு என்று வீடே நினைத்தது. டிரெசர் ஐயா கேட்டது ஒன்றுதான்: “சிகரெட்டை எப்ப விட்டார்?” புகை நின்றால் ரத்தத்தில் குளோசபின் ஏறும். அன்றே கிளினிக்குக்குப் போன் போட்டோம், அளவை மாற்றினார்கள். சிகரெட்டை விடுவது நல்லதுதான், டாக்டரிடம் சொல்லிவிட்டு விட வேண்டும்.

மருந்து ஊசிக்கும் டாக்டர் சந்திப்புக்கும் நாங்கள் போவது தம்போயில் இருக்கும் பெர்மாய் மருத்துவமனைக்கு. 1930-களிலிருந்து நிற்கிற இடம். தம்போய் என்றாலே கேலி செய்கிற வாய்கள் இங்கே இன்னும் உண்டு. அந்தக் கேலிக்குப் பயந்து ஊசியைத் தள்ளிப்போட்டவர்கள் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஜோகூரில் வெள்ளி, சனி விடுமுறையாக இருந்த காலத்தில் ஒரு வசதி இருந்தது. எங்கள் வீட்டில் ஒருவருக்குச் சிங்கப்பூரில் வேலை செய்யும் தம்பி உண்டு. அவனுக்கு ஞாயிறு விடுமுறை, அன்று இங்கே கிளினிக் திறந்திருக்கும், அண்ணனைக் கூட்டிப் போவான். 2025 ஜனவரியிலிருந்து நமக்கும் சனி, ஞாயிறு ஆனது. தம்பி இப்போது விடுப்பு எடுக்க வேண்டும். எடுக்க முடியாத மாதம் நாம் கூடப் போக வேண்டும். ஊசித் தேதி தவறுவது இப்படிப்பட்ட காரணங்களால்தான். நாள்காட்டியைப் பார்ப்பதும் நம் தொழிலில் சேர்த்தி.

கொண்டுவந்து விடும் பெற்றோர் சிலர், “பூட்டி வைப்பீங்களா?” என்று கேட்பார்கள். உள்ளறைகளுக்கு வெளித்தாழ்ப்பாளே இல்லை என்று காட்டுவேன். 2001 ஆகஸ்ட் 6, தமிழ்நாட்டின் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநல இல்லம் ஒன்று எரிந்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்ப முடியாமல் இறந்தார்கள். அதையும் சொல்வேன். அதே தமிழ்நாட்டில்தான் டாக்டர் சாரதா மேனன் 1984-இல் ஸ்கிசோப்ரினியா ஆய்வு அமைப்பான ‘ஸ்கார்ப்’-ஐத் தொடங்கினார். வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993-இல் வீடற்ற மனநோயாளருக்கான ‘தி பான்யன்’ அமைப்பைத் தொடங்கினார்கள். நீண்ட காலம் விடுதியில் கிடந்தவர்களை நாலைந்து பேராகச் சாதாரண வீடுகளில் குடிவைத்து, துணைக்கு ஆளும் வைக்கும் பான்யனின் ‘ஹோம் அகெயின்’ 2015-இல் வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அதை நல்ல முன்மாதிரிகளில் ஒன்றாகக் காட்டியது. எனக்கு அதில் பட்டது, மனிதர் குணமான பிறகுதான் வீடு என்று அவர்கள் காத்திருக்கவில்லை. வீட்டில் இருந்துகொண்டே தேறட்டும் என்று விட்டார்கள்.

வீடு என்றால் அடுப்படி. இங்கேதான் கற்றுக்கொள்பவர்கள் அவசரப்படுகிறார்கள். ஒரு வெங்காயத்தை உரிக்க அண்ணனுக்குக் கால்மணி நேரம் ஆகும். பிடுங்கி நாமே உரித்துவிட்டால் சமையல் முடிந்துவிடும், அவர் மறுபடி கட்டிலுக்குப் போய்விடுவார். அந்த மந்தமும் நோயின் ஒரு பகுதி. சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் இரண்டு உரிக்க, அவர் ஒன்று உரிக்கட்டும். ரசத்துக்கு உப்பு அவர் போடட்டும், கூடினால் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவோம். அப்படி வெங்காயம் உரித்த ஒருவர் இப்போது சமூக மனநல மையமான மெந்தாரியின் உதவியோடு கார் கழுவும் கடையில் காலை வேலைக்குப் போகிறார். முதல் சம்பளத்தில் வீட்டுக்கு ஒரு புது வடிகட்டி வாங்கி வந்தார்.

பகலில் வர எங்களுக்கு ஆள் உண்டு. ராத்திரி முறைக்குத்தான் கை போதவில்லை. கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் ராத்திரியில் வாருங்கள். நோட்டு நான் தருகிறேன். கடை வைத்திருப்பவர்கள், வாரத்தில் மூன்று காலைக்காவது எங்கள் வீட்டு ஆள் ஒருவருக்கு வேலை கொடுங்கள்.