அப்பாவின் தொப்பியில் ஓர் ஈ

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையை இப்போது பார்த்தால் யாரோ கோழி உரித்த இடம் என்றுதான் நினைப்பீர்கள். "ஏங்க, சாம்பார்ல இறகு மிதந்தா நான் பொறுப்பில்லை" என்று வீட்டுக்காரம்மா இரண்டு தடவை எச்சரித்துவிட்டாள். லேக் கார்டன்ஸுக்குக் குடிவந்து பதினொரு வருடமாகிறது. இப்படி ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வேன் என்று நானே நினைத்ததில்லை.

ஆரம்பித்தது குன்னூரிலிருந்து வந்த ஒரு போன். அப்பா போய் ஒரு வருடம் நிறையப்போகிறது. அவர் தொப்பியை அம்மா படத்துக்குக் கீழே மாட்டி வைத்திருக்கிறாள். "கண்ணு, தொப்பியில குத்தியிருந்த ஈயைப் பூச்சி அரிச்சிடுச்சுடா. வெறும் முள்ளுதான் நிக்குது. திதிக்குள்ள அதே மாதிரி ஒண்ணு கட்ட முடியுமா?"

ஈ என்றால் நிஜ ஈ இல்லை. தூண்டில் முள்ளின் மேல் இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சி மாதிரி செய்வது. ட்ரவுட் மீனை ஏமாற்ற. ட்ரவுட்டும் நம்ம ஊர் மீன் இல்லை. 1860களில் ஃபிரான்சிஸ் டே நீலகிரிக்குக் கொண்டுவரப் பார்த்துத் தோற்றார். 1907இல் எச். சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பிறகுதான் அது அங்கே ஊன்றியது. அப்பாவுக்குக் குந்தா மின்திட்டத்தில் வேலை. ஞாயிறானால் அனுமதிச் சீட்டும் கையுமாக ஓடைக்கரையில் நிற்பார். ராத்திரிகளில் அம்மாவின் தையல் நூலில் தேன்மெழுகு தடவி ஈ கட்டுவார். நான் டார்ச் பிடிப்பேன். அவ்வளவுதான் என் அனுபவம்.

அவர் ஈக்கு உடம்பு மயில்பீலி இழை. கழுத்துக்கு நாட்டுச் சேவல் இறகு. இரண்டு பக்கமும் கண் மாதிரி பளபளவென்று ஒரு சின்ன இறகு. அது சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகு. மெழுகைச் சொட்டினாற்போல் வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளி இருக்கும். ("அப்படின்னா முருகனோட வாகனம், கொடி ரெண்டும் ஒரே முள்ளுலயா?" என்றாள் மகள்.) இந்தியத் தீபகற்பத்துக்கே சொந்தமான பறவை. அந்த இறகுக்காக வெள்ளைக்காரத் தூண்டில்காரர்கள் உயிரை விட்டார்கள், கோழிகளும் விட்டன. 1972ஆம் வருட வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அதைத் தொடக்கூடாது. அப்பாவுக்கு அது எப்படிக் கிடைத்தது? காட்டில் உதிர்ந்ததா, யாராவது அடித்ததா? நான் கேட்டதில்லை. கேட்டிருக்கவேண்டும்.

ஆக, அந்த இறகு இல்லாமல் அதே ஈ.

மயிலிறகு கஷ்டமில்லை, தானாக உதிர்ந்ததை உள்நாட்டில் விற்கலாம். (ஏற்றுமதிக்குத் தடை. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் ஊருக்கு வந்துவிட்டுப் பெட்டியில் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.) ஆனால் இழை சுற்றச் சுற்ற ஒடிந்தது. ஏழெட்டு ஈ பாழான பிறகு, நூலோடு சேர்த்து முறுக்கிச் சுற்றினால் நிற்கும் என்று கண்டுகொண்டேன். லேக் மார்க்கெட் கோழிக்கடையில் கறுப்பு இறகு கேட்டேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஒரு பை நிறையச் சும்மாவே கொடுத்தார்.

புள்ளிதான் உயிரை வாங்கியது. ஆபீஸ் வெள்ளை மை உதிர்ந்தது. துணிக்குப் போடும் பெயின்ட் இறகுக்குள் ஓடிப் பரவியது. கடைசியில் மகளின் நிறமில்லாத நகப்பூச்சை முதலில் ஒரு கோட் அடித்து, இறகு விறைத்த பிறகு பல் குத்தும் குச்சியால் பெயின்டைச் சொட்டு வைத்தேன். ஒரு முழம் தள்ளிப் பார்த்தால் கண் மாதிரி இருந்தது. பக்கத்தில் பார்த்தால் அம்மைத் தழும்பு மாதிரி :-)

இந்தக் கூத்தையெல்லாம் பார்த்த மாடி வீட்டு தாதா, "இங்கே ட்ரவுட்டுக்கு எங்கே போவீர்கள்? நம்ம குளத்து மீனுக்கு ஒன்று கட்டுங்கள்" என்றார். டிக்கெட் வாங்கிக்கொண்டு குளத்தில் மீன் பிடிக்கிற ஆள் அவர். மெந்தயம், வசம்பு எல்லாம் இடித்து அவர் தயாரிக்கும் மீன் தீனியின் வாசனை எங்கள் வீடு வரை வரும். குளத்து மீன் என்ன தின்னும்? பொரி. இங்கே அதற்கு முடி என்று பெயர். வந்த புதிதில் கடையில் "முடி வேணுமா?" என்று கேட்டபோது நான் தலையைத் தடவிக்கொண்டு நின்ற கதை தனி.

பொரி மாதிரி வெள்ளையாக, மிதக்கிற மாதிரி எதில் செய்வது? தாதா ஒரு சோலாத் துண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். வங்காள மாப்பிள்ளையின் கல்யாணக் கிரீடம் செய்கிற சோலா. கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது, இது நம்ம நெட்டி! நம் வீடுகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் பெரிய கோயிலாக நிற்குமே, அதே தக்கை. தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பிளேடால் சீவிப் பொரி வடிவத்தில் முள்ளில் கட்டினேன். குளத்தில் அரை மணி மிதந்தது, பிறகு தண்ணீரைக் குடித்துவிட்டுக் கல் மாதிரி இறங்கியது. மறுபடி நகப்பூச்சு, இரண்டு கோட். அடுத்த ஞாயிறு உள்ளங்கை அகலத்தில் ஒரு திலேப்பியா. தாதா அதை ரொம்ப மரியாதையாகப் பார்த்துவிட்டுத் திருப்பி விடச் சொன்னார்.

அப்பாவின் ஈயை நேற்று ராத்திரி கட்டி முடித்தேன். பதினான்காவது முயற்சி. மகள் டார்ச் பிடித்தாள். போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பிவிட்டு அவள் போனுக்காகக் காத்திருந்தேன்.

"தலைப்பக்கம் முடிச்சு ரொம்பச் சுத்தமா இருக்கே. அவரு கட்டினா நூல் கொஞ்சம் நீட்டிக்கிட்டு நிக்கும்டா."

"அவிழ்த்துட்டு மறுபடி கட்டட்டுமா?"

"வேணாம். கொரியர்ல அனுப்பு." கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அந்தக் கண்ணு எதுல பண்ணின?"