எதிரே நிற்பவர்

தவக்காலம் பிறந்தால் எங்கள் பங்கில் பாஸ்கா நாடக ஒத்திகை தொடங்கிவிடும். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், திருப்பத்தூர் வேலூர் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த காலத்தில், எனக்குப் பேதுரு வேடம் கிடைத்தது. ஆண்டவரை மும்முறை மறுதலித்து, சேவல் கூவியதும் மனம் கசந்து அழவேண்டும். வசனம் இரண்டே நாளில் மனப்பாடமாயிற்று, அழுகைதான் வரவில்லை. மறைந்த தாயை நினைத்துப் பார்த்தேன். குரலை நடுங்கவிட்டேன். கண்களைக் கசக்கினேன். வேடிக்கை பார்த்த சிறுவர்கள் சிரித்தார்கள்.

பயிற்சியளிக்க வந்திருந்த இளைஞர் சென்னையில் நாடகம் கற்றவர். அவர் சிரிக்கவில்லை. "ஐயா, வசனத்தை விட்டுடுங்க. எதிரே நிக்கறவரைப் பாருங்க. பாக்கறதைச் சொல்லுங்க. அவர் அதையே திருப்பிச் சொல்லட்டும். அவ்வளவுதான்" என்றார்.

எதிரே நின்றவர் இயேசுவாக நடிக்க இருந்தவர். வாணியம்பாடியில் நான் கணக்கராயிருந்த அதே தோல் பதனிடும் தொழிற்சாலையில், சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவர்.

"வெள்ளைச் சட்டை போட்டிருக்கீங்க" என்றேன்.

"வெள்ளைச் சட்டை போட்டிருக்கேன்" என்றார்.

பத்து முறை, இருபது முறை அதே சொற்கள். இது என்ன குழந்தை விளையாட்டு என்று எனக்கு எரிச்சலாயிருந்தது. வாய் சொல்லிக்கொண்டிருக்க, மனம் கடைசிப் பேருந்தைப் பற்றிக் கணக்குப் போட்டது. திடீரென்று அவர் சொல்லை மாற்றினார்.

"நீங்க என்னைப் பாக்கல, சார்."

விதிப்படி நான் திருப்பிச் சொல்லியாக வேண்டும். "நான் உங்களைப் பாக்கல."

"நீங்க என்னைப் பாக்கல."

"நான் உங்களைப் பாக்கல."

மூன்றாம் முறை சொன்னபோது என் தொண்டை அடைத்துக்கொண்டது. அது பயிற்சிக்காகச் சொன்ன சொல் அன்று, உண்மை. ஒன்பது ஆண்டுகள் சனிக்கிழமைதோறும் அவருக்குக் கூலி கொடுத்தவன் நான். சிறு சாளரத்தின் வழியே ஒரு கை நீளும், பெயரை அழைப்பேன், பெருவிரலை மையில் தோய்த்து வைப்பார். சுண்ணாம்பு அரித்த விரலில் ரேகை சரியாகப் பதியாது. "ஒழுங்கா வைப்பா" என்று எத்தனையோ முறை கடிந்திருக்கிறேன். ஒரே கோவிலில், ஒரே திருப்பலியில் முழந்தாளிட்டிருக்கிறோம். அவர் இடப் புருவத்தின்மேல் ஒரு தழும்பு இருப்பதை அன்றுதான் கண்டேன்.

இந்தப் பயிற்சியை வகுத்தவர் அமெரிக்க நாடக ஆசிரியர் சான்ஃபோர்ட் மைஸ்னர் என்பதைப் பின்னர் படித்தறிந்தேன். 1905இல் நியூயார்க்கில் பிறந்தவர். 1931இல் தொடங்கிய குரூப் தியேட்டர் என்னும் குழுவில் அவரோடிருந்த லீ ஸ்ட்ராஸ்பெர்க், நடிகன் தன் பழைய துயரத்தை நினைவுகூர்ந்து உணர்ச்சியை வரவழைக்க வேண்டும் என்றார். தாயை நினைத்து அழ முயன்ற நானும் அறியாமலே அந்த வழியில்தான் சென்றிருக்கிறேன். மைஸ்னர் அதை ஏற்கவில்லை. உணர்ச்சியைத் தேடித் தனக்குள்ளே தோண்டாதே, எதிரே இருப்பவனிடம் கவனத்தைக் கொடு, அவன் உன்னில் எழுப்புவதே உன் நடிப்பு என்பது அவர் போதனையின் சாரம். 1970களில் நோயால் குரல்வளையை இழந்த பின்னரும் அவர் கற்பித்தார். 1997இல் மறைந்தார். பிறர் குரலுக்குச் செவிகொடுக்கப் பயிற்றுவித்தவர், தம் குரலை இழந்தும் அப்பணியை நிறுத்தவில்லை.

நம் வட்டாரத்துக்கு இது முற்றிலும் புதிது என்றும் சொல்வதற்கில்லை. வட ஆர்க்காட்டுத் தெருக்கூத்தில் வேடதாரி பாடிய அடியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். கட்டியங்காரன் கேட்கக் கேட்க அரசன் தன் வரலாற்றைச் சொல்வான். விடிய விடிய நடக்கும் அந்த ஆட்டத்தில், ஒருவன் தருவதை இன்னொருவன் பெற்றுக்கொள்ளாவிட்டால் கூத்து நின்றுபோகும்.

நாடக இரவு வந்தது. பேதுரு மூன்றாம் முறை மறுதலித்ததும் ஆண்டவர் திரும்பி அவரை நோக்கினார் என்று லூக்கா எழுதுகிறார். அவர் அவ்வாறே திரும்பினார். நான் அந்தத் தழும்பைப் பார்த்தேன், கண்களைப் பார்த்தேன். அழ முயலவேண்டிய தேவை இருக்கவில்லை.

அன்பர்களே, மேடையில் அழுவது எளிது. மேடையை விட்டு இறங்கிய பின் என்ன செய்தோம் என்பதே கேள்வி. அடுத்த சனிக்கிழமை கூலி கொடுக்கையில் நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன். உட்கார்ந்திருந்தால் அந்தச் சாளரத்தில் கைகள் மட்டுமே தெரியும். நின்றால் முகம் தெரியும். வரிசை மெதுவாக நகர்ந்தது. அவருடைய கூலி என்னால் ஒரு காசும் உயரவில்லை, விரலும் ஆறவில்லை. அன்றும் ரேகை இருமுறை வைத்த பின்பே பதிந்தது. கையைத் துடைத்துக்கொண்டே அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இப்பப் பாக்கறீங்க, சார்."

"இப்பப் பாக்கறேன்" என்றேன்.