ஓசி வன்தட்டும் ஒன்றரை நிமிஷமும்

கடக்.. கடக்.. கடக்.. ஒரு சின்ன இடைவெளி.. மறுபடியும் கடக்.

2021 மார்ச் மாசம், ராத்திரி பதினோரு மணி. ஃபேன்ல இருந்து வருதோன்னு அண்ணாந்து பார்த்தேன். இல்லை. பல்லியும் இல்லை. மடியில இருந்த பொட்டியில இருந்துதான் சத்தம்.

"ஏங்க, அது என்ன சத்தம்?" உள்ளேருந்து தங்கமணி.

"ஒண்ணுமில்ல."

நான் "ஒண்ணுமில்ல"ன்னு சொன்னா பெருசா என்னமோ இருக்குன்னு அவங்களுக்குத் தெரியும். உடனே எழுந்து வந்துட்டாங்க. அதுக்குள்ள திரை அப்படியே உறைஞ்சு போச்சு. நானும்தான்.

இந்த சத்தத்தை ஒரு தடவை கேட்டவங்க மறக்க மாட்டாங்க. வன்தட்டுக்குள்ள இருக்கிற தட்டு நிமிஷத்துக்கு 5400 தடவை சுத்துது. அதாவது ஒரு செகண்டுக்கு 90 சுத்து. அந்த தட்டுக்கு மேல சில நானோமீட்டர் உயரத்துல ஒரு குட்டி தலை பறந்துகிட்டே படிக்குது, எழுதுது. தலைமுடியோட கனத்தோட ஒப்பிட்டா அது ஆயிரக்கணக்கான மடங்கு சின்ன இடைவெளி. அந்த தலைக்கு தான் நிக்க வேண்டிய தடம் கிடைக்கலைன்னா, கிளம்பின இடத்துக்கே திரும்பிப் போய் மறுபடி முயற்சி பண்ணும். அந்தப் போக்குவரத்து சத்தம்தான் 'கடக்'. வழி தெரியாத ஆளு தெருமுனைக்குத் திரும்பித் திரும்பி வர்ற மாதிரின்னு வச்சுக்குங்க.

டிஸ்க் தன் உடம்பைப் பத்தி தானே குறிச்சு வச்சுக்கிற 'ஸ்மார்ட்' கணக்கைத் திறந்து பார்த்தேன். படிக்க முடியாம நிலுவையில இருக்கிற செக்டார் முதல் தடவை பார்த்தப்ப 8. அரை மணி கழிச்சு 40. இப்படி ஏறுதுன்னா டிஸ்க் மூட்டை கட்டுதுன்னு அர்த்தம்.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. பொட்டி வாங்கினது 2018 மார்ச். மூணு வருஷ வாரண்டி. பில்லைத் தேடி எடுத்து எண்ணினா, இன்னும் 9 நாள் பாக்கி! ஆகா, கடவுள் இருக்கான்யான்னு ஒரு சந்தோஷம். காலையில முதல் வேலையா போன் போட்டேன்.

"கண்டிப்பா மாத்தித் தருவோம் சார். இஞ்சினியர் வீட்டுக்கே வருவார். பழைய ஹார்ட் டிஸ்க்கை மட்டும் அவர்கிட்ட கொடுத்திடணும்."

"அதுக்குள்ள இருக்கிறது?"

"டேட்டாவுக்கு வாரண்டி கிடையாது சார்."

ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாங்க அந்தப் பொண்ணு. ஆனா எனக்கு அதுக்கப்புறம் வாயில வார்த்தை வரலை.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். 2019 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். எங்களுக்கு அங்க எட்டு மா நிலம். (வெளியூர்க்காரங்களுக்கு: இருபது மா ஒரு வேலி. அதனால பெரிய பண்ணையார்னு எல்லாம் நினைச்சுடாதீங்க.) எனக்கு நம்ம வயல் எது, அடுத்தவன் வயல் எதுன்னு தெரியாது. அப்பாவுக்கு அது ஒரு குறை. "வாடா, ஒரு நடை நடந்து காட்டிடறேன்"ன்னு கூட்டிட்டுப் போனார். நான் செல்போன்ல படம் பிடிச்சுகிட்டே பின்னாடி போனேன். எல்லைக்கல் எது, எந்த வாய்க்கால்ல நமக்கு எந்த நாள் தண்ணி, யாரு எப்ப எவ்வளவு வரப்பை வெட்டினாங்க.. எல்லாம் சொன்னார். மொத்தம் 11 வீடியோ. அந்த வருஷமே ஆவணியில அப்பா போயிட்டார்.

அந்த 11 வீடியோவும் இந்த டிஸ்க்ல மட்டும்தான் இருந்தது. போன் மாத்தும்போது "லேப்டாப்ல தான் இருக்கே"ன்னு அழிச்சவன் சாட்சாத் அடியேன்தான். திட்டறவங்க வரிசையில வாங்க.

சரி, விஷயத்துக்கு வருவோம். ராத்திரி வந்த பயத்துல நான் செய்யாம விட்ட மூணு காரியம்தான் என்னைக் காப்பாத்துச்சு. ஒண்ணு, உடனே பொட்டியை அணைச்சேன். சாகக் கிடக்கிற டிஸ்க் ஓடுற ஒவ்வொரு நிமிஷமும் நஷ்டம். ரெண்டு, விண்டோஸ் "டிஸ்க்கை சரி பண்ணட்டுமா?"ன்னு கேட்டப்ப வேணாம்னேன். அது சரி பண்றேன்னு அதே டிஸ்க் மேல எழுத ஆரம்பிச்சுடும். மூணு, நண்பன் சொன்ன மாதிரி ஃப்ரீசர்ல வைக்கலை. அது பழைய வைத்தியம். ஈரம் கோர்த்தா இருக்கிறதும் போச்சு.

ரெண்டாவது தடவை போன் பண்ணி விசாரிச்சதுல ஒரு நல்ல சேதி. அவங்க கணக்குல புகார் பதிவான தேதிதான் முக்கியமாம், இஞ்சினியர் வர்ற தேதி இல்லை. உடனே புகார் எண் வாங்கிகிட்டு, இஞ்சினியரை ஒரு வாரம் கழிச்சு வரச் சொன்னேன். நடுவுல கிடைச்ச அந்த ஒரு வாரம் எனக்கு தங்கம்.

ஒரு 2 டிபி வெளி டிஸ்க் வாங்கிட்டு வந்தேன். இன்னொரு பொட்டியில பென் டிரைவ்ல இருந்து லினக்ஸ் கிளப்பி, நோயாளியை யூ.எஸ்.பி கேஸ்ல போட்டு, டிடி-ரெஸ்க்யூங்கிற இலவச மென்பொருளை ஓடவிட்டேன். சாதாரணமா காப்பி பண்ணினா ஒரு கெட்ட இடம் வந்ததும் அங்கேயே மல்லுக்கட்டும். இது அப்படி இல்லை. நல்ல இடத்தை எல்லாம் முதல்ல அள்ளிடும், கெட்டதை ஒரு குறிப்பு ஃபைல்ல எழுதி வச்சுகிட்டு கடைசியா திரும்பி வரும். பரீட்சையில தெரிஞ்ச கேள்வியை முதல்ல எழுதுற புத்திசாலிப் பையன் மாதிரி. (நான் அப்படி இல்லை.)

மூணு ராத்திரி ஓடுச்சு. கடைசியில 99.98 சதவீதம் மீட்பு. தங்கமணி, "அதான் நூறு வந்துடுச்சே"ன்னாங்க. 1 டிபில 0.02 சதவீதம்னா 200 எம்பி. 11 வீடியோவையும் ஒண்ணொண்ணா ஓட்டிப் பார்த்தோம். பத்து சுத்தமா இருந்தது. ஏழாவதுல, வடக்கு வாய்க்கால் ஓரம் அப்பா நின்னு கையை நீட்டி "இங்கேருந்து.."ங்கிறார். அப்படியே படம் உறையுது. ஒன்றரை நிமிஷம் கழிச்சு ஓடும்போது பனைமரத்தடியில நின்னு துண்டால முகம் துடைச்சுகிட்டு இருக்கார். நடுவுல சொன்னது போச்சு.

இதுக்கு நடுவுல புது டிஸ்க் என்ன போடறதுங்கிற கேள்வி. ஓசியில வர்றது இருக்கும்போது என்ன யோசனைன்னு கேக்கறீங்களா? நானும் அப்படித்தான் நினைச்சேன். வாரண்டி அட்டையில பொடி எழுத்தைப் படிச்சதும்தான் கண்ணு திறந்தது. மாத்தித் தர்ற பாகம் புதுசாவும் இருக்கலாம், சரி பண்ணின பழசாவும் இருக்கலாம். அதுக்கு வாரண்டி, பழைய வாரண்டியில மிச்சம் இருக்கிற நாள் இல்லைன்னா 90 நாள், எது அதிகமோ அது. ஆக எனக்கு வரப்போறது 90 நாள் கியாரண்டியில அதே 5400 சுத்து டிஸ்க்.

ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். 500 ஜிபி எஸ்.எஸ்.டி ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அஞ்சு வருஷ வாரண்டி. சுத்தற தட்டு இல்லாததால ஒரு தகவலைத் தேடி எடுக்கிற நேரம் பல மடங்கு குறைவு. பழைய டிஸ்க்ல தட்டு அரைச்சுத்து சுத்தவே சராசரியா 5.5 மில்லிசெகண்ட் ஆகும். எஸ்.எஸ்.டில 0.1 பக்கம்தான். பொட்டி கிளம்புறதுக்குள்ள காபி போட்டுக் குடிக்கிற காலம் அதோட போச்சு.

இன்னும் வேகமான எம்.2 வகை வாங்கலாமேன்னு ஆசை. மேனுவல்ல அதுக்கு இடம் இருக்குன்னு போட்டிருந்தது. நல்லவேளை, கடைக்குப் போறதுக்கு முன்னாடி மூடியைத் திறந்து பார்த்தேன். என் மாடல்ல அந்த இடத்துல வெறும் போர்டுதான், சொருக ஒண்ணுமில்லை. ஆக பழைய டிஸ்க் இருந்த இடத்துலயே உக்கார்ற 2.5 இஞ்ச், 7 மிமீ சாட்டா வகைதான் எனக்கு விதிச்சது. வாங்கறதுக்கு முன்னாடி நீங்களும் திறந்து பார்த்துடுங்க. (திறந்தா வாரண்டி போகுமான்னு முதல்ல மெயில்ல கேட்டு பதிலைப் பத்திரப்படுத்திக்குங்க. கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.)

எட்டாம் நாள் இஞ்சினியர் தம்பி வந்தார். கையில மாற்று டிஸ்க், 'சரி பண்ணியது'ன்னு ஸ்டிக்கரோட.

"பழசைக் கொடுங்க சார்."

"வேணாம் தம்பி. இது என்கிட்டயே இருக்கட்டும்."

"சார், ஃப்ரீயா வர்றதை வேணாங்கிறீங்களே!"

என்ன சொல்றது அவர்கிட்ட? பாதி காரணம் சுலபமானது. பான் கார்டு, பேங்க் கணக்கு எல்லாம் அதுல இருக்கு. நல்ல டிஸ்க்னா அழிச்சுட்டுக் கொடுக்கலாம், இதை ஒழுங்கா அழிக்கக்கூட முடியாது. அதைச் சொன்னேன். மீதி பாதியை, என்னைக்காவது அந்த ஒன்றரை நிமிஷத்தை யாராவது எடுத்துத் தர மாட்டாங்களாங்கிற நப்பாசையை, சொல்லலை. அவர் படிவத்துல 'வாடிக்கையாளர் மறுத்துவிட்டார்'னு எழுதி கையெழுத்து வாங்கிட்டு, தங்கமணி கொடுத்த மோரைக் குடிச்சுட்டுப் போனார்.

டேட்டா மீட்கிற இடத்துல விசாரிச்சதுல, சொன்ன தொகை ஒரு புது லேப்டாப் விலை. "உறுதி சொல்ல முடியாது"ன்னும் சொன்னாங்க. விட்டுட்டேன்.

அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப, பக்கத்து வயக்காரர், முறைக்கு சித்தப்பா, அவர்கிட்ட ஏழாவது வீடியோவைப் போட்டுக் காட்டினேன். உறைஞ்ச இடத்துல நிறுத்தி, "அப்பா இங்க என்ன சொல்லியிருப்பார் சித்தப்பா?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "வாடா"ன்னு நடந்தார். அதே வாய்க்கால், அதே இடம். "இங்கேருந்து பனைமரம் வரைக்கும் எங்க பங்கு ஒரு முழம் உங்க பக்கம் வந்திருக்கு. எங்கப்பா காலத்துல வெட்டினது. ஒங்கப்பாவுக்குத் தெரியும், ஒரு நாளும் கேட்டதில்லை. இதைத்தான் சொல்லியிருப்பான்."

அதையும் படம் பிடிச்சுகிட்டேன். 12-வது வீடியோ.

பழைய டிஸ்க் பீரோவுல பட்டாவுக்குப் பக்கத்துல இருக்கு.

டிஸ்கி: எஸ்.எஸ்.டியும் சாகும். அது 'கடக்'னு கூட சொல்லாம சாகும், அழிச்சதை மீட்கிறதும் அதுல ரொம்பக் கஷ்டம். அதனால இப்ப 12 வீடியோவும் பொட்டியில ஒண்ணு, வெளி டிஸ்க்ல ஒண்ணு, கோயமுத்தூர்ல தங்கச்சி வீட்ல ஒண்ணு. இதைப் படிச்சு முடிச்சதும் எழுந்து போய் உங்க வீட்டுப் படங்களுக்கு ஒரு நகல் எடுங்க. வாரண்டி எல்லாம் டிஸ்க்குக்குத்தான்.