உப்புக் காற்றுக்கு ஒரு பேஸ்

2024 ஜூலை 6, சனி. மன்னார்

எங்கள் கோஷ்டியில் நான் வாசிக்கும் இரவல் பேஸ் கிற்றாரின் சொந்தக்காரர் கட்டாருக்குப் போகிறார். மாதம் முடிவதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஒத்திகை முடிந்து சாமான்களைக் கட்டும்போது இதைச் சொன்னேன். யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஓர்கன் அண்ணை வயரைச் சுற்றிக்கொண்டே, "அதுக்கென்ன, ஸ்டைலுக்குள்ளயே பேஸ் கிடக்குத்தானே" என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. இப்போதைய ஓர்கன்களில் இடது கையால் ஒரு கோர்ட்டை அழுத்தினால் ட்ரம்ஸ், பேஸ், கிற்றார் எல்லாம் தானாக ஓடும், அதற்குப் பெயர்தான் ஸ்டைல். கல்யாண வீடுகளில் இரண்டு பேர் நின்று ஒரு முழுக் கோஷ்டியின் சத்தத்தை எழுப்புவது இப்படித்தான். பேஸ்காரனின் பங்கும் மிச்சம், வான் வண்டியில் ஒரு இடமும் மிச்சம்.

ட்ரம்ஸ்காரத் தம்பி மட்டும் முகத்தைச் சுளித்தான். "ஸ்டைல் பேஸ் என்னைத் திரும்பிப் பாக்காதண்ணை. நான் கொஞ்சம் இழுத்தாலும் அது தன்ரபாட்டில போகும்." லீட் கிற்றார் மச்சானுக்கு வேறு எண்ணம். "வாங்கிறதெண்டா அஞ்சு கம்பி, அக்டிவ், நூறு வாட் அம்ப். இல்லாட்டி வாங்காத."

வாங்குவதென்று முடிவெடுத்தாயிற்று. எதை என்பதுதான் கேள்வி.

ஜூலை 7, ஞாயிறு. மறிச்சுக்கட்டி

மோட்டார் சைக்கிளில் திரும்பினேன். வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி. சோளகக் காற்று தூக்கி அடிக்க முதுகில் கிற்றார் பை பாய் விரித்த தோணி மாதிரி என்னை ஒரு பக்கமாக இழுத்தது. பொழுதுபடுவதற்கு முன் ஊருக்குள் நுழைந்துவிட வேண்டும். வில்பத்துக் காட்டுப் பக்கத்து யானைக்கு இசை ரசனை கிடையாது.

நூறு வாட் பேஸ் அம்ப் பத்துப் பதினைந்து கிலோவுக்குக் குறையாது. இந்தப் பாதையில், இந்தச் சைக்கிளில், அதை எங்கே கட்டுவது? மச்சானுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஜூலை 9, செவ்வாய்

நான் தங்கியிருக்கும் வீட்டில் மஹ்ரிப், இஷா தொழுகை நேரங்களில் கிற்றாரைத் தொடுவதில்லை. அது யாரும் போட்ட சட்டமில்லை. மற்ற நேரத்திலும் அம்ப் இல்லாமல் வெறும் கம்பியில்தான் வாசிப்பு. இன்று அந்த வீட்டு உம்மா திண்ணைக்கு வந்து நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மகன், இவ்வளவு பெரிய சாமான், சத்தத்தைக் காணோமே?"

உள்ளே குடைவு இல்லை உம்மா, கட்டை மரம், கம்பி ஆடுவதைக் காந்தம்தான் பிடித்து மின்சாரமாக்குகிறது என்று விளக்கினேன். அவருக்குத் திருப்தியில்லை. "அப்ப கரண்ட் போனா?" நியாயமான கேள்வி. எங்கள் கோஷ்டியில் ஒருவரும் கேட்காத கேள்வியும்கூட.

1951 இல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது அவர் முன்னிருந்த பிரச்சினை என்னுடையதுதான். ஆளுயர டபிள் பேஸை ஊர் ஊராகத் தூக்க முடியாது. தூக்கிப்போனாலும் சத்தமான கோஷ்டியில் அது கேட்காது. ஆகவே முதுகில் போடக்கூடிய ஒரு பலகை, சரியான சுரம் விழ ஃப்ரெட் கட்டைகள், சத்தத்துக்கு மின்சாரம். தூக்கும் வேலையை அவர் முழுதாகத் தீர்க்கவில்லை. பாதியை அம்புக்குள் ஒளித்துவிட்டார்.

இரவு வீட்டுக்கார நானா வந்து உட்கார்ந்தார். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது இவர் சிறுபிள்ளை. புத்தளத்தில் வளர்ந்து, போர் முடிந்தபின் வாப்பாவின் காணிக்குத் திரும்பியவர். புத்தளப் பக்கத்துக் கல்யாணங்களில் கேட்ட பைலாவை நினைவிலிருந்து விரலால் மேசையில் தட்டிக் காட்டினார். ஆறெட்டுத் தாளம், பிசகவே இல்லை. இவரை ட்ரம்ஸில் உட்காரவைக்கலாம்.

ஜூலை 12, வெள்ளி

கம்பி மறுபடி துருப்பிடிக்கத் தொடங்கிவிட்டது. பேஸ் கம்பி உள்ளே ஒரு முறுக்காக் கம்பி, அதன்மேல் சுற்றிய இன்னொரு கம்பி. அந்தச் சுற்றுகளின் இடுக்கில் வியர்வையும் கடலுப்பும் போய்க் குந்தினால் சத்தம் செத்துவிடும். வெந்நீரில் அவித்தால் அழுக்குக் கழன்று சில நாள் உயிர் வரும். உலகம் முழுக்கக் காசில்லாத பேஸ்காரர் செய்கிற வைத்தியம். உம்மாவிடம் பழைய சட்டி ஒன்று கேட்டு வாங்கி அவித்தேன். "உப்புப் போடவேணுமா மகன்?" என்றார்.

ஜூலை 14, ஞாயிறு. பேசாலை

நேற்றிரவு கோயில் வளவில் நிகழ்ச்சி. திறந்த வெளி, கடல் கிட்ட. நித்திரை வரவில்லை, அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதல் சங்கடம் ஜெனரேற்றர். இரவல் கிற்றார் ஜாஸ் பேஸ் வகை, இரண்டு பிக்கப். இரண்டையும் முழுதாகத் திறந்தால் ஒன்றின் இரைச்சலை மற்றது தின்றுவிடும். ஒன்றைக் குறைத்தாலோ இரைச்சல் பொங்கும். எனக்குப் பிடித்த சத்தம் ஒன்றைக் குறைத்தால்தான் வரும். நேற்று குறைத்தேன், உடனே ஒரு "ம்ம்ம்". நம் மின்சாரம் நொடிக்கு 50 தடவை அலைகிறது. ஈ கம்பியில் மூன்றாவது கட்டை, அதாவது ஜி சுரம், 49. ஆக ஜெனரேற்றர் இரவு முழுக்க ஏறத்தாழ ஜி பாடிக்கொண்டிருந்தது, ஒரு நூல் கூடுதல் சுருதியில். ஜியில் அமைந்த பாட்டு வந்தபோது நான் வாசிக்காமலே அடிச்சுரம் கேட்டது. ஓர்கன் அண்ணை என்னைப் பார்த்துத் தலையாட்டினார், நல்ல வாசிப்பு என்று!

இரண்டாவது சங்கடம் விளையாட்டில்லை. பாடகரின் உதடு மைக்கில் பட்டதும் சுருக்கென்றது. என் கை கம்பியில் இருக்கும்போது நானும் மைக்கைத் தொட்டிருந்தால் எனக்கும் அதுவே. ஏர்த் இல்லை. சவுண்ட்ஸ்காரர் ஒரு இரும்புக் கம்பியை மண்ணில் அடித்து வாளித் தண்ணீர் ஊற்றினார், உலர்ந்த மணல் அப்படியே குடித்தது. இன்னொரு வாளி ஊற்றியபின்தான் நின்றது. வீட்டுக்கு ட்ரிப் சுவிட்ச் போடும் நாம் மேடைக்குப் போடுவதில்லை. கிற்றாரின் உலோகக் கம்பி எப்போதும் வாசிப்பவனின் உடம்போடு இருக்கிறது. கம்பி வாத்தியம் வாசிக்கும் ஒவ்வொருவரும் மேடையேறுமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, சுருதி சேர்ந்ததா என்பதல்ல, ஏர்த் இருக்கிறதா என்பதே.

மூன்றாவது, நான் காணாமல் போனது. மன்னாரில் நாங்கள் ஒத்திகை பார்க்கும் அறையில் பேஸ் இடிபோலக் கேட்கும். பேசாலையில் மேடைக்கு முன் இறங்கிப் போய்ப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை. திறந்த ஈ கம்பியின் அதிர்வு நொடிக்கு 41. அந்த அலையின் நீளம் எட்டு மீற்றருக்கு மேல். அறையில் சுவர்களும் மூலைகளும் அதைத் திருப்பித் திருப்பி அனுப்பிப் பெருக்கிக் கொடுக்கின்றன. வெளியில் திருப்பியனுப்ப என்ன இருக்கிறது? பனையும் கடலும். சவுண்ட்ஸ்காரரின் இரண்டு பெட்டிகளுக்கும் அவ்வளவு அடியில் இறங்கத் தெம்பில்லை.

அப்படியென்றால் அஞ்சு கம்பியின் பி சுரம், அதிர்வு 31, யாருக்காக? அதை வாங்கினால் சத்தம் என் கற்பனையில் மட்டும்தான் கேட்கும்.

பாதி நிகழ்ச்சியில் விரலைப் பிரிட்ஜ் பக்கம் நகர்த்தி, அடிச்சத்தத்தைக் குறைத்து, நடுச்சத்தத்தை ஏற்றி வாசித்தேன். என் காதுக்கு அசிங்கம், தகரம். ஆனால் கடைசி வரிசையில் இருந்த ட்ரம்ஸ்காரத் தம்பியின் மாமா, "இடைவேளைக்குப் பிறகுதான் பேஸைப் போட்டனீங்களா?" என்று கேட்டார். அடிச்சுரம் பெட்டியில் வராவிட்டாலும் அதன் மேற்சுரங்கள் வந்தால், மனிதக் காது இல்லாத அடியைத் தானே சேர்த்துக்கொள்ளும்.

ஜூலை 18, வியாழன். மறிச்சுக்கட்டி

வரலாறு படிப்பிக்கும் சேர் இன்று கடற்கரைப் பக்கம் கூட்டிப்போனார். 1906 இல் இங்கே நடந்த முத்துக்குளிப்புக்கு அரசாங்க உத்தியோகத்தராக வந்தவர் லெனார்ட் வுல்ஃப், பிறகு எழுத்தாளர் வெர்ஜினியா வுல்ஃபின் கணவரானவர். கிடுகுக் கொட்டில்களால் ஒரு பட்டணமே சில வாரங்களுக்கு முளைத்து மறைந்ததாம். அந்தக் காலத்து வழக்கப்படி எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு சுழியோடிகளுக்கு. சவுண்ட்ஸ்காரருக்கும் வானுக்கும் கொடுத்து மிச்சத்தைப் பிரிக்கும் எங்கள் கோஷ்டிக் கணக்கும் அதற்குக் கிட்டத்தட்டத்தான்.

ஜூலை 28, ஞாயிறு. நீர்கொழும்பு

நேற்றுக் கொழும்புக் கடைகள். எல்லாம் பளபளப்பு. 2022 இல் ரூபா விழுந்தபின் விலையைப் பார்க்கவே பயம். ஒரு நல்ல புதுப் பேஸ் வாங்க என் இரண்டு மாதச் சம்பளத்தை முழுதாக வைக்க வேண்டும். அக்டிவ் கிற்றார்களையும் வாசித்துப் பார்த்தேன். சத்தம் இனிமை, குமிழ்கள் நிறைய. ஆனால் உள்ளே 9 வோல்ட் பற்றரி வேண்டும், வயரைக் கழற்ற மறந்தால் வீணாகத் தீர்ந்துகொண்டே இருக்கும். மறிச்சுக்கட்டிக் கடையில் அந்தச் சதுரப் பற்றரி கேட்டால் நுளம்புத்திரி தருவார்கள். நுணுக்கமான சர்க்கியூட்டை உப்புக் காற்றில் வைப்பதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை.

இன்று இங்கே, ஹோட்டல் கோஷ்டிகளில் நெடுங்காலம் பைலா வாசித்து ஓய்ந்த ஒரு பெரியவர் வீடு. சிங்களம் பாதி, தமிழ் பாதி. கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பிரிசிஷன் வகைப் பேஸை எடுத்தார். ஜப்பான் சரக்கு, வார்னிஷ் போய்விட்டது. ஒரே பிக்கப், அதுவும் இரண்டு துண்டாகப் பிரிந்தது. ஃபெண்டர் 1957 இல் கொண்டுவந்த அமைப்பு. இரண்டு துண்டும் எதிரெதிராகச் சுற்றப்பட்டிருப்பதால் கம்பியின் சத்தம் அப்படியே வரும், மின்சார இரைச்சல் ஒன்றையொன்று அடித்துப் போகும். இரண்டு குமிழ் மட்டும். பற்றரி இல்லை. பேசாலை இரவு முழுக்க எனக்குத் தேவைப்பட்டது இதுவே.

கம்பியைத் தடவினேன், வழுவழுப்பு. ஃப்ளட் கம்பி. மேற்சுற்று தட்டையான நாடாவால் ஆனது, இடுக்கே இல்லை, உப்புக்குக் குந்த இடமில்லை. கீச்சென்ற சத்தமும் வராது. அமெரிக்காவின் மோட்டவுன் இசை நிறுவனத்தின் பாட்டுகள் பலவற்றுக்குப் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் இந்த வகைக் கம்பிதான் போட்டார், அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார் என்பார்கள். "இது எப்ப போட்டது?" என்றேன். பெரியவர் மனைவியைக் கேட்டார். அவருக்கும் நினைவில்லை.

அம்ப் தருவீர்களா என்றதற்குச் சிரித்தார். "தம்பி, நீ அம்பை யாருக்குக் கேக்க வைக்கிறது? உனக்கா, சனத்துக்கா?" சனத்துக்கு வேண்டியது சவுண்ட்ஸ்காரரின் பெட்டி வழியாகப் போக வேண்டும். அதற்கு ஒரு டிஐ பெட்டி போதும். உள்ளங்கையளவு இரும்புப் பெட்டி. கிற்றாரின் மெல்லிய சைகையை மைக் வயர் வழியாக இரைச்சல் ஏறாமல் மிக்சருக்குக் கொண்டுபோகும். காற்சட்டைப் பையில் போடலாம்.

போகுமுன் பைலாவுக்கு ஒரு பாடம். நான் ஆறு தட்டுக்கும் ஆறு சுரம் நிரப்பினேன். அவர் என் வலக்கையைப் பிடித்து நிறுத்தினார். முதலாவதும் நாலாவதும் மட்டும் ஊன்று, மற்றதை விடு, ஆடுகிறவனின் காலுக்கு இடம் வேண்டும் என்றார்.

கிற்றார் 55,000. டிஐ பெட்டி 9,500.

ஆகஸ்ட் 3, சனி. மன்னார்

மச்சான் கிற்றாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கிழட்டுச் சாமான்" என்றார்.

ஒத்திகையில் "சுராங்கனி". ஏ. ஈ. மனோகரன் பாடி இலங்கையைத் தாண்டிப் போன பாட்டு. முதலாவதும் நாலாவதும் மட்டும் ஊன்றினேன். ட்ரம்ஸ்காரத் தம்பி நிமிர்ந்து பார்த்துத் தன் கிக்கை அதோடு பூட்டினான். ஆனால் ஓர்கனின் ஸ்டைல் பேஸும் கூடவே ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேஸ், ஒன்றுக்கொன்று தட்டிச் சகதியாகிவிட்டது. அண்ணை ஒப்புக்கொள்ளவில்லை. "உன்ர சுருதியைப் பார்" என்றார். ட்யூனரை நீட்டினேன்.

பிறகு இளையராஜா. இவர்கள் எல்லோரும் பாட்டைக் கைபேசியில் கேட்டுப் பழகியவர்கள். கைபேசிப் பெட்டியில் பேஸின் அடி வராது. ஹெட்ஃபோன் கொடுத்து அந்தக் காலப் பாட்டு ஒன்றைக் கேட்கச் சொன்னேன். இளையராஜாவுக்கு வாசித்த சசிதரனின் பேஸ், பாடகர் மூச்சு விடும் இடங்களில் எழுந்து இன்னொரு மெட்டே பாடும். இளையராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் சுரம் எழுதிக் கொடுப்பவர், பேஸுக்கும் அப்படித்தான். தம்பி ஹெட்ஃபோனைக் கழற்றி, "இது இவ்வளவு நாளும் எங்க இருந்தது?" என்றான். அண்ணையும் வாங்கிக் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு. மறிச்சுக்கட்டி

நேற்று வங்காலையில் கல்யாணம். முதலில் ஏர்த் பார்த்தோம், பிறகுதான் சுருதி. டிஐ பெட்டியிலிருந்து நேராக மிக்சர். இரைச்சல் இல்லை. ஃப்ளட் கம்பியின் சத்தம் மங்கல் என்று மச்சான் முணுமுணுத்தது உண்மைதான், நடுச்சத்தத்தை ஏற்ற வேண்டியிருந்தது. மேடையில் எனக்கு நான் சரியாகக் கேட்கவில்லை என்பதும் உண்மை. அம்ப் இல்லாததன் விலை அது. தம்பியின் கிக் மிதிக்கும் காலைப் பார்த்தே வாசித்தேன்.

மூன்றாவது பாட்டில் பாடகர் மாப்பிள்ளையின் பெயரைச் சேர்த்துப் பாடப்போய் வரியை நீட்டிவிட்டார். தம்பி நின்றான், நான் நின்றேன். ஸ்டைல் மட்டும் தன்பாட்டில் ஓடிக்கொண்டே இருந்தது. சனம் சிரித்தது. அண்ணை குனிந்து ஏதோ ஒரு பட்டனை அழுத்தினார். அதன்பிறகு சத்தத்தில் சகதி இல்லை. நிகழ்ச்சி முடிந்து வயர் சுற்றும்போது, "பேஸை அணைச்சுப் போட்டன். ட்ரம்ஸையும் அணைப்பமோ எண்டு யோசிக்கிறன்" என்றார்.

அம்புக்கென்று வைத்திருந்த மிச்சக் காசைக் கோஷ்டிக்குக் கொடுத்துவிட்டேன். அதில் ட்ரிப் சுவிட்ச் பூட்டிய ஒரு நீட்டு வயர் செய்யக் கொடுத்திருக்கிறோம். வரும் வெள்ளி கைக்கு வரும்.