ஏழாவது மலர்

நம் பள்ளி நூலகத்தில் நுழைவோர் எவரும் முதலில் அங்குள்ள கணப்பு அடுப்பையே பார்ப்பர். அதன் மேற்கல்லில் ஆறு லீலி மலர்கள் வரிசையாக விரிந்திருக்கின்றன. வலக்கோடியில் உள்ள ஏழாவது மட்டும் மொட்டாக இருக்கிறது. "என்ன அழகான கற்பனை!" என்று பாராட்டுவோர் பலர். அது கற்பனையன்று, எங்கள் பிழை. அதை இவ்வாண்டு மலரில் எழுதிவிடுவது என்று பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் எட்டுப் பேரும் முடிவு செய்தோம்.

உதகையின் குளிரைப் பற்றி விடுதி மாணவியருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர் இது. மார்கழியிலும் தையிலும் விடியற்காலையில் புல்வெளி உறைபனியால் வெள்ளாடை போர்த்து நிற்கும். 1820-களில் இங்கு வீடு கட்டத் தொடங்கிய ஆங்கிலேயர், தம் நாட்டு வழக்கப்படி கணப்பு அடுப்புகளையும் அமைத்துக் கொண்டனர். நம் நூலகத்தில் இருந்ததும் அவ்வகையைச் சேர்ந்ததே. ஆனால் மேற்கல் விரிசல் விட்டது. புகையும் மேலே போகாமல் அறைக்குள் திரும்பியது. ஆகவே பல்லாண்டுகளாகப் பலகை அடித்து மூடிக் கிடந்தது.

சென்ற ஆண்டு, பழைய மாணவியரின் உதவியால் அதைப் புதுப்பிக்க ஏற்பாடாயிற்று. கணினி வகுப்பு சிஸ்டர் எங்களை அழைத்து, "பிள்ளைகளே, அளவெடுத்துக் கணினியில் உருவம் அமைப்பது உங்கள் பொறுப்பு" என்றார்கள். பார்சலோனா நகரில் 1882-இல் தொடங்கிய பேராலயத்தைப் பற்றியும் சொன்னார்கள். அதனை வடிவமைத்த கௌடி 1926-இல் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற சுண்ணமாவு மாதிரிகள் 1936-இல் கலவரத்தில் உடைக்கப்பட்டன. எஞ்சிய துண்டுகளைக் கொண்டு பின்னாளில் கணினியின் துணையால் அவர் கணக்குகளைக் கண்டறிந்து கட்டினார்களாம். இதைக் கேட்டதும் எங்கள் உள்ளம் துள்ளியது. நாங்களும் ஏதோ பேராலயமே கட்டப்போவதாக நினைத்துக் கொண்டோம்!

புகை திரும்பியதன் காரணத்தை முதலில் தேடினோம். ரம்ஃபோர்டு பிரபு என்ற அறிவியலார் 1796-இலேயே இதற்கு வழி கூறியிருக்கிறார். அடுப்பு ஆழமாகவும் சதுரமாகவும் இருந்தால் சூடு புகைபோக்கி வழியே வீணாகும். ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைப் பின்சுவரோடு 135 பாகை கோணத்தில் சாய்த்து, மேலே தொண்டை போன்ற வழியை 4 அங்குலமாகக் குறுக்கினால் சூடு அறைக்குள் வரும், புகை மேலே செல்லும். இந்த அளவுகளைக் கணினியில் இட்டு முப்பரிமாண உருவம் அமைத்தோம். முகப்புக் கல்லில் ஏழு லீலி மலர்களைப் பொருத்தினோம். திரையில் அதைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்து மகிழ்ந்தோம்.

கல் வேலையை மாமல்லபுரத்துச் சிற்பி ஒருவர் ஏற்றார். எழுபது வயதைக் கடந்தவர். அவருடைய மகன் எங்கள் உருவத்தைத் தம் கணினியில் அவருக்குக் காட்டினாராம். மறுநாள் சிற்பி தொலைபேசியில் பேசினார். "படம் நல்லா இருக்கும்மா. ஆனா இதழ் இவ்வளவு மெல்லிசா இருந்தா கருங்கல்லுல நிக்காது, உடைஞ்சிரும். கனம் கூட்டிக்கிறேன்" என்றார். கடுஞ்சூட்டில் கருங்கல் வெடிக்கக்கூடும் என்பதால் உட்புறத்துக்குச் சூடு தாங்கும் செங்கல்லே வைக்க வேண்டும் என்றும் அறிவுறுத்தினார். கடைசியாக, "சுவருக்குச் சுவர் உள்ள அகலத்தைக் கீழே, நடுவிலே, மேலேன்னு மூணு இடத்துலயும் அளந்தீங்களா?" என்று கேட்டார்.

"அளந்தோம் ஐயா" என்றோம்.

நாங்கள் அளந்தது கீழே மட்டுந்தான். மேலே அளக்க ஏணி வேண்டியிருந்தது. அன்று விளையாட்டு வேளையும் வந்துவிட்டது. கல் சுவர் நேராகத்தானே இருக்கும் என்று எண்ணினோம். அந்த "அளந்தோம்" என்ற சொல்லைச் சொன்ன வாய் யாருடையது என்பதை இங்கே எழுதமாட்டோம். எட்டுப் பேரும் அருகிலிருந்தோம், எவரும் மறுக்கவில்லை.

சுமார் நாற்பது நாள் கழித்து லாரியில் கல் வந்தது, சிற்பியும் வந்தார். அவர் கல்லை உளியின் தலையால் தட்டினார். மணி போல் ஒலித்தது. "உள்ளே விரிசல் இல்லைன்னு கல்லே சொல்லுது" என்றார். மலர்களைத் தொட்டுப் பார்த்தோம். கணினியில் நாங்கள் கண்ட மலருக்கு நிழல் இருந்தது. இதற்கு உயிரே இருந்தது.

ஆட்கள் கல்லைத் தூக்கிப் பொருத்தினர். அது இறங்கவில்லை. சிற்பி தூக்குக்குண்டை விட்டுப் பார்த்தார். வலப்பக்கச் சுவர் உட்புறம் சாய்ந்திருந்தது. மேலே அகலம் முக்கால் அங்குலம் குறைவு. கணினி பொய் சொல்லவில்லை. நாங்கள் கொடுத்த அளவையே திருப்பிக் கொடுத்திருந்தது.

விவரம் அறிந்து தலைமை சிஸ்டர் வந்தார்கள். "யாருடைய தவறு?" என்று கேட்டார்கள். சிற்பி எங்களை ஒருமுறை பார்த்தார். "பழைய கட்டடம்மா, இப்படித்தான் இருக்கும். சரி செஞ்சிரலாம்" என்றார். எங்களைக் காட்டிக் கொடுக்கவில்லை! அதுதான் எங்களைச் சுட்டது. அவர் திட்டியிருந்தால்கூட அழுதுவிட்டு மறந்திருப்போம்.

அன்று மாலை எட்டுப் பேரும் தலைமை சிஸ்டரின் அறைக்குச் சென்று உண்மையைச் சொன்னோம். பிறகு தாழ்வாரத்தில் இருந்த சிற்பியிடமும் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவர் அப்போது காவியில் நனைத்த நூலால் கல்லின் வலக்கோடியில் கோடு இட்டுக் கொண்டிருந்தார். "அளக்கலைன்னு சொல்லியிருந்தா நானே ஒரு நடை வந்து அளந்திருப்பேன் கண்ணுங்களா. அது ஒரு நாள் வேலை. இப்போ ஒரு பூவே போகுது" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

முக்கால் அங்குலம் கல் நீங்கியது. ஏழாவது மலரின் ஓர் இதழும் அதோடு போயிற்று. எஞ்சிய கல்லில் மூன்று நாள் உளி பிடித்து அவர் அதை மொட்டாக்கினார். நாங்கள் பள்ளி விட்டதும் சென்று, தண்ணீர் ஊற்றியும் கற்பொடி துடைத்தும் உதவினோம்.

சென்ற டிசம்பரில் முதன்முதலாக நெருப்பு மூட்டினார்கள். புகை நேரே மேலே சென்றது. சிறிய மாணவியர் கைகளை நீட்டிக் குளிர் காய்ந்தனர். அவர்களில் ஒருத்தி, "அக்கா, அந்தப் பூ எப்போது மலரும்?" என்று கேட்டாள். அன்று நாங்கள் பதில் சொல்லாமல் சிரித்தோம். தங்கையே, இந்தக் கட்டுரைதான் எங்கள் பதில்.