எத்தனை மணி நேரம்?

வீட்டில் உலக உருண்டை இருந்தால் டெல்லிக்கும் சான்ஃப்ரான்சிஸ்கோவுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் அட்லாண்டிக் பக்கமும் போகாது, பசிபிக்கை நேராகத் தாண்டவும் செய்யாது. ரஷ்யா மேல் ஏறி, ஆர்க்டிக் பனிக்கடல் வழியாக இறங்கும். சுமார் 12,350 கி.மீ. இதுதான் மிகக் குறைந்த தூரம். சுவரில் மாட்டும் தட்டை மேப் இதைச் சொல்லாது.

ஆனால் விமானங்கள் நூல் பிடித்துப் போவதில்லை. ஏர் இந்தியா 2015-ல் இந்த சர்வீஸை ஆரம்பித்தபோது அட்லாண்டிக் வழியாக சுமார் 13,900 கி.மீ. பறந்தது. 2016 அக்டோபரில் திசையை மாற்றி, கிழக்கே பசிபிக் வழியாகப் போய்ப் பார்த்தார்கள். 15,300 கி.மீ. ஆயிரத்து நானூறு அதிகம். ஆனால் பதினாலரை மணி நேரத்தில் போய்விட்டது. பழைய வழியைவிட இரண்டு மணி நேரம் போல மிச்சம்!

பூமி சுற்றுவதால் ஊர் நம்மை நோக்கி வரும், போகும் என்று யாராவது விளக்கினால் நம்பாதீர்கள். காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தேதான் சுற்றுகிறது. விஷயம் ஜெட் ஸ்ட்ரீம். பத்து கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக மணிக்கு 200, சில நாள் 300 கி.மீ. வேகத்தில் ஓடும் காற்றாறு. ஆற்றோடு போகிற பரிசல் சுற்றிப் போனாலும் முந்திவிடும். 2020 பிப்ரவரியில் ஒரு புயல் புண்ணியத்தில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஐந்து மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்தது ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம். வாசபுரோ ஓயிஷி என்ற ஜப்பானியர் 1920-களிலேயே பலூன் விட்டு இந்தக் காற்றை அளந்திருக்கிறார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று எஸ்பெராண்டோ மொழியில் எழுதினார். பாவம், அநேகமாக யாரும் படிக்கவில்லை.

இந்தக் கணக்கு வெறும் சுவாரஸ்யமாக இல்லாமல் போன ஒரு நாள் எங்கள் அபார்ட்மென்ட்டில் வந்தது. மூன்றாவது மாடிப் பெரியவர் காலமானார். ஒரே பையன், சான்ஃப்ரான்சிஸ்கோவில். சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி உங்களுக்குத் தெரியும். "எப்ப எடுக்கிறாங்க?"

ப்ளஸ் டூ பையன் ஒருவன் செல்போனில் கணக்குப் போட்டான். "பதினாலாயிரம் கிலோமீட்டர், அங்கிள். தொள்ளாயிரத்தால வகுத்தா பதினஞ்சரை மணி நேரம்." கணக்கு சரி. சென்னைக்கு நேர் விமானம்தான் கிடையாது. கிடைத்த டிக்கெட் லண்டன் வழி. நடுவில் காத்திருப்பதையும் சேர்த்து இருபத்திரண்டு மணி நேரத்துக்கு மேல். கடிகார வித்தியாசம் வேறு. வெள்ளி சாயங்காலம் கிளம்பினால் ஞாயிறு விடியற்காலைதான் சென்னை. சனிக்கிழமையைக் காணவே காணோம். ஃப்ரீசர் பாக்ஸ்காரர் அமைதியாக, "அப்ப ரெண்டு நாள் வாடகை சார்" என்றார்.

அந்த அம்மா அழவில்லை. ப்ளஸ் டூ பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, செல்போனில் ஊர்ந்துகொண்டிருந்த மஞ்சள் விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப எங்க வர்றான் தம்பி?"

"க்ரீன்லாந்துக்குக் கீழ, ஆன்ட்டி. காத்து பின்னாலேர்ந்து அடிக்குது. அரை மணி முன்னாடியே லண்டன் வந்துடும்."

"அங்கேர்ந்து?"

"அங்கே மூணு மணி நேரம் வெயிட் பண்ணணும்."

"ஏதாவது சாப்பிடச் சொல்லி மெசேஜ் போடேன்" என்றார்.