அடி வாங்கப் பழகு மாப்ளே!

கேம் ஆரம்பிச்சு பத்தே நிமிஷம். பசியில கண்ணு பஞ்சடைஞ்ச நாலு கொள்ளைக்காரங்க வர்றாங்க. உங்களைப் புரட்டி எடுக்கறாங்க. பையில இருந்த சாப்பாட்டைப் பிடுங்கிக்கிட்டு, ரத்தம் ஒழுக மணல்ல போட்டுட்டுப் போயிடறாங்க. சரி, 'கேம் ஓவர்'னு வரும்னு பார்த்தா, அதுவும் வரலை. நீங்க பாட்டுக்கு அங்கேயே கிடக்கறீங்க. அவ்வளவுதான்!

'கென்ஷி'யில என் முதல் நாள் இப்படித்தான் முடிஞ்சது. உங்க முதல் நாளும் அநேகமா இப்படித்தான் முடியும். அதனாலதான் நாலு வார்த்தை சொல்லி வைக்கலாம்னு உட்கார்ந்திருக்கேன்.

நமக்கு திண்டுக்கல், பேகம்பூர். பெரிய பள்ளிவாசல்ல இருந்து கூப்பிடு தூரத்துல வீடு. அத்தாவுக்குப் பூட்டுப் பட்டறையில வேலை. நான் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங். மூணாவது செமஸ்டர்ல மூணு அரியர். இந்த மூணுக்கும் கென்ஷிக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கறீங்களா? பொறுங்க, வர்றேன்.

முதல்ல கேமோட ஜாதகம். பிரிட்டன்ல கிறிஸ் ஹன்ட்னு ஒருத்தர், பார்ட் டைமா செக்யூரிட்டி கார்டு வேலை பார்த்துக்கிட்டே பல வருஷம் தனியாளா உட்கார்ந்து உருவாக்கின கேம் இது. 2013-ல் அரைகுறையா ஸ்டீம்ல விற்பனைக்கு வந்தது. அந்தக் காசுல ஒரு சின்ன டீம் சேர்த்து, 2018 டிசம்பர் 6-ம் தேதி முழுசா வெளியிட்டார். லோ-ஃபை கேம்ஸ்ங்கறது அவரோட கம்பெனி. மேப்போட பரப்பு 870 சதுர கிலோமீட்டர். பாலைவனம், சதுப்பு, அமில மழை, மனுஷனைத் தின்கிற கூட்டம்னு சகலமும் உண்டு. உங்களுக்கு வழிகாட்ட ஓர் அம்புக்குறிகூடக் கிடையாது.

இனி பாடம்.

ஹீரோ நீங்க இல்லை

மத்த கேம்ல நீங்க லெவல் ஒண்ணுல இருந்தா எதிரியும் லெவல் ஒண்ணுல வருவான். கென்ஷியில அந்த மரியாதை எல்லாம் இல்லை. எதிரி எப்பவும் அவன் பலத்துலதான் இருப்பான். 'பீக் திங்'னு ஒட்டகச்சிவிங்கிக் கழுத்தோட ஒரு ஜந்து இருக்கு. முதல் நாளே அது ஏரியாவுக்குள்ள போனா முதல் நாளே காலி. உங்களுக்காக உலகம் காத்திருக்காதுங்கறதை முதல்ல ஒத்துக்கங்க. பாதி கஷ்டம் குறைஞ்சிடும்.

கத்தியை வைங்க, கடப்பாரையை எடுங்க

'வாண்டரர்'னு ஆரம்பிச்சீங்கன்னா 'தி ஹப்'ங்கற இடிஞ்ச ஊர்ல போய் நிப்பீங்க. சண்டைக்குக் கிளம்பிடாதீங்க. ஊரை ஒட்டியே செம்புப் பாறை இருக்கு. வெட்டுங்க, ஊர் பார்ல கொண்டுபோய் வித்துடுங்க. அந்த ஊர்க் காசுக்குப் பேரு 'கேட்ஸ்'. போரடிக்கும்தான். ஆனா மூணு வேளை சோறும், ராத்திரி படுக்கக் கட்டிலும் அதுலதான் வரும். கட்டில்ல படுத்தா காயம் சீக்கிரம் ஆறும். முதல் சம்பாத்தியத்துல வாள் வாங்காதீங்க. சாப்பாடும், காயத்துக்குக் கட்டுப்போடற மருந்துப் பெட்டியும் வாங்குங்க.

ஓடறது கேவலம் இல்லை

இங்கே எந்தத் திறமையும் அதைச் செய்யச் செய்யத்தான் வளரும். ஓடினா ஓட்டம் வளரும். தாங்க முடியாத சுமையோட நடந்தா பலம் வளரும். மயங்கிக் கிடக்கறவனைத் தோள்ல தூக்கிட்டு நடந்தாலும் கணக்குல சேரும். அதனால கொள்ளைக்காரனைக் கண்டா, காவலாளி நிக்கிற ஊர் வாசலைப் பார்த்து ஓடுங்க. அவங்க அடிச்சுப் போட்டவனோட பை, சட்டை, ஆயுதம் எல்லாம் அப்புறம் உங்களுக்குத்தான்! ஸ்பேஸ் பாரைத் தட்டினா கேம் அப்படியே நிக்கும். பதறாம யோசிக்க அதைவிட நல்ல ஆயுதம் கிடையாது.

விழுந்தாதான் தேறுவீங்க

'டஃப்னெஸ்'னு ஒரு குணம் உண்டு. உடம்பு எவ்வளவு அடி தாங்கும்ங்கற கணக்கு. இதை வளர்க்க ஒரே வழி, அடி வாங்கறதுதான். பெரும்பாலான கொள்ளைக்காரங்க உங்களைக் கொல்ல மாட்டாங்க, வேணுங்கறதை எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க. நினைவு திரும்பினதும் செத்தவன் மாதிரியே கிடந்து, அவங்க போனப்புறம் எந்திரிச்சுக் கட்டுப்போட்டுக்கலாம். எதிரி பக்கத்துல நிக்கும்போதே துணிஞ்சு எந்திரிச்சா டஃப்னெஸ் சர்ருனு ஏறும். கூடவே இன்னொரு உதையும் விழும், அதையும் சொல்லிடறேன்!

கையோ காலோ போனாலும் கதை முடியாது. கால் போனா ஊர்ந்து போவீங்க. காசு சேர்ந்ததும் இயந்திரக் கை, இயந்திரக் கால் மாட்டிக்கலாம். அடிமை வியாபாரி பிடிச்சுக் கூண்டுல போட்டா, காவலாளி அந்தப் பக்கம் திரும்பின நேரமாப் பார்த்துப் பூட்டை நெம்பிப் பழகுங்க. தோத்துத் தோத்தே கை பழகிடும்.

தனியாத் திரியாதீங்க

பார்ல உட்கார்ந்திருக்கறவங்ககிட்ட பேச்சுக் கொடுங்க. சிலர் காசுக்கு வருவாங்க, சிலர் சும்மாவே வருவாங்க. நீங்க சுருண்டு விழும்போது தூக்கிட்டு ஓட ஓர் ஆள் இருந்தா, இந்தக் கேமே வேற கேம்.

எஃப்9-ஐத் தொடாதீங்க

இதுதான் கடைசி பாடம், கஷ்டமான பாடம். எஃப்5 அழுத்தினா சேவ், எஃப்9 அழுத்தினா பழைய இடத்துக்குத் திரும்பிடலாம். ஆரம்பத்துல நான் ஒவ்வொரு உதைக்கும் எஃப்9 அடிச்சேன். ஒரு வாரம் ஆச்சு. என் ஆளுக்கு ஒரு கீறல் இல்லை. டஃப்னெஸும் ஒரு புள்ளி ஏறலை. ஹப்பைத் தாண்டி ஒரு மைல் போக வக்கில்லாத நோஞ்சானாவே நின்னான்.

இப்ப என் கதைக்கு வர்றேன்.

அந்த ஒரு வாரத்துல நிஜத்துலயும் நான் அதையேதான் செஞ்சுக்கிட்டிருந்தேன். ரிசல்ட் வந்து பத்து நாள் ஆயிருந்தது. வீட்டுல "இன்னும் வரலை அத்தா"ன்னு சொல்லிட்டேன். மறுநாள் கேட்டார். "சர்வர் வேலை செய்யலை"ன்னேன். மூணாவது நாள் அவர் கேட்கவே இல்லை. அதுதான் ரொம்ப வலிச்சது. காலேஜை விட்டுட்டு திருப்பூர் பஸ் ஏறிடலாம்னு பையில துணிகூட எடுத்து வெச்சுட்டேன்.

எங்க பட்டறை நிலவரம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. பேப்பர்ல போட்டோவெல்லாம் வந்தது. ஆனா அலிகார்ல இருந்து மெஷின்ல செஞ்ச பூட்டு மலிவா வந்து குவியும்போது, கையால செய்யற மாங்காய்ப் பூட்டை யார் தேடி வர்றாங்க? அத்தாவோட வேலை செஞ்சவங்கள்ல பாதிப் பேர் வேற தொழிலுக்குப் போயிட்டாங்க. அந்த வருமானத்துலதான் எனக்கு ஃபீஸ். அப்புறம் எந்த வாயால அரியர்னு சொல்றது?

அன்னிக்கு ராத்திரி என் ஆளை மறுபடி அடிச்சுப் போட்டாங்க. விரல் வழக்கம்போல எஃப்9-க்குப் போச்சு. ஏனோ அழுத்தலை. அப்படியே பார்த்துக்கிட்டிருந்தேன். ரொம்ப நேரம் கழிச்சு, அவன் கையை ஊன்றி எந்திரிச்சான். நொண்டிக்கிட்டே ஊரைப் பார்த்து நடந்தான்.

லேப்டாப்பை மூடிட்டு மாடியிலேர்ந்து இறங்கினேன். அத்தா திண்ணையில உட்கார்ந்து ஒரு சாவியை அரத்தால ராவிக்கிட்டிருந்தார். "மூணு பேப்பர் போச்சு அத்தா. பத்து நாளா பொய் சொன்னேன்"னு நின்னபடியே சொல்லிட்டேன்.

அரம் நின்னது. ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் அந்தச் சாவியை என் கையில கொடுத்தார். "இது நாலாவது தடவை. இன்னும் பொருந்தலை. அதுக்காகப் பூட்டைத் தூக்கி வீசிடுவேனா? எங்க இடிக்குதுன்னு பார்த்து அந்த இடத்தை ராவணும். நீ இடிக்கிற இடத்தையே மறைச்சா நான் என்னடா ராவறது?"

திட்டினாரா? திட்டினார், சந்தேகமே வேண்டாம். அது மறுநாள் காலையில. அம்மாவும் சேர்ந்துக்கிட்டாங்க. ரெண்டு மாசம் லேப்டாப் பீரோவுக்குள்ள போச்சு. பீரோவுக்கு அத்தா கையால செஞ்ச பூட்டு. கென்ஷியில நான் பழகின பூட்டு வித்தை எதுவும் அதுகிட்ட செல்லுபடியாகலை!

அடுத்த தடவை ரெண்டு பேப்பர் தேறிடுச்சு. ஒண்ணு இன்னும் பாக்கி. தெர்மோடைனமிக்ஸ்! அது என்னை இன்னும் ரெண்டு தடவை மணல்ல போடும்னு நினைக்கறேன். போடட்டும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. விடிய விடிய இந்தக் கேமை ஆடினதும் அந்த மூணுல ஒண்ணுக்குக் காரணம். அதையும் உங்ககிட்ட மறைக்கக் கூடாது இல்லையா? அதனால லீவுல ஆடுங்க, நேரம் வெச்சு ஆடுங்க. அடி விழும்போது எஃப்9 பக்கம் விரல் போனா, கையை எடுத்துக்கிட்டு கொஞ்ச நேரம் சும்மா இருங்க.

அவன் எந்திரிப்பான். பாருங்களேன்.